காப்புக்காட்டில் அடைப்பான்: மண்ணில் தங்கும் நோயும் காட்டு விலங்குகளும்

அடைப்பான் என்பது புல்லும் தழையும் தின்னும் விலங்குகளைத் தாக்கும் பாக்டீரியா நோய். உழவர் வீடுகளில் அதை மாட்டு நோயாகவும் ஆட்டு நோயாகவும்தான் அறிவார்கள். காட்டிலோ யானை, காட்டுமாடு, மான், வரிக்குதிரை, நீர்யானை, சிம்பன்சி என்று அது கொல்லும் உயிர்களின் வரிசை நீளமானது. காலையில் மேய்ந்துகொண்டிருந்த விலங்கு மாலையில் செத்துக் கிடக்கும். இடையில் நோய்க்குறி எதையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மூக்கிலும் வாயிலும் ஆசனவாயிலும் கருஞ்சிவப்பாக இரத்தம் கசிந்திருக்கும். அந்த இரத்தம் உறைவதில்லை. வயிறு சீக்கிரமே ஊதிவிடும். உடல் முழுமையாக விறைக்காது. இந்த அடையாளங்களைக் கண்டவுடன் உடலைத் தொடாமல் விலகி நிற்க வேண்டும் என்பதே காட்டில் பணியாற்றுவோர் முதலில் கற்க வேண்டிய பாடம். ஏனென்றால் அடைப்பான் கிருமியின் வாழ்வில் மிக முக்கியமான கட்டம் விலங்கு செத்த பிறகு வரும் சில நாட்கள்தான்.

நோயை உண்டாக்குவது பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்னும் கோல் வடிவ பாக்டீரியா. அதன் வாழ்க்கை வட்டத்தை 1876-இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் விளக்கினார். இன்ன நோய்க்கு இன்ன நுண்ணுயிரே காரணம் என்பது அந்த ஆய்வில்தான் ஐயமற நிறுவப்பட்டது. விலங்கின் உடலுக்குள் இந்தக் கிருமிக்கு இரண்டு வலிமைகள் உண்டு. தன்னைச் சுற்றி அது ஓர் உறையைப் போர்த்திக்கொள்வதால் வெள்ளணுக்களால் அதை விழுங்க முடிவதில்லை. அத்துடன் மூன்று புரதங்களால் ஆன நச்சையும் சுரக்கிறது. அவற்றில் ஒரு புரதம் உயிரணுவுக்குள் நுழைய வழி செய்கிறது. அந்த வழியே செல்லும் மற்ற இரண்டில் ஒன்று திசுக்களை வீங்க வைக்கிறது, இன்னொன்று உயிரணுக்களைச் சாகடிக்கிறது. உறைக்கும் நச்சுக்கும் உரிய மரபணுக்கள் கிருமியின் முதன்மைக் குரோமோசோமில் இல்லை. பிளாஸ்மிட் எனப்படும் இரண்டு தனி வளையங்களில் இருக்கின்றன. வளையங்கள் வேறொரு பாக்டீரியாவுக்குப் போய்ச் சேர்ந்தால் நோயும் அதனோடு போகும். ஆப்பிரிக்க மழைக்காடு ஒன்றில் நிகழ்ந்தது இதுவே.

விலங்கு சாகும் தறுவாயில் அதன் இரத்தத்தின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். ஓட்டையில்லாத உடலுக்குள் அவை அடைபட்டுக் கிடந்தால், அழுகலை உண்டாக்கும் மற்ற நுண்ணுயிர்களோடு போட்டியிட முடியாமல் சில நாட்களில் அழிந்துபோகின்றன. இரத்தம் வெளியே கசிந்து காற்றுப் பட்டால் நிலைமை மாறுகிறது. கிருமி தன் மரபுப்பொருளைக் கெட்டியான ஓட்டுக்குள் சுருட்டிக்கொண்டு ஸ்போராக உறங்கத் தொடங்குகிறது. வெயில், வறட்சி, சூடு, பெரும்பாலான கிருமிநாசினிகள் ஆகியவற்றை ஸ்போர் தாங்கும். ஸ்காட்லாந்தின் குருனார்ட் தீவில் 1942-இல் பிரிட்டிஷ் அரசு ஓர் ஆயுத சோதனைக்காக அடைப்பான் ஸ்போர்களைத் தூவியது. 1986-இல் தீவின் மண்ணை ஃபார்மால்டிஹைடு கலந்த கடல்நீரால் நனைத்த பிறகே, 1990-இல், அந்த மண் பாதுகாப்பானது என்று அறிவிக்க முடிந்தது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் தோண்டி எடுக்கப்பட்ட, சுமார் 200 ஆண்டுப் பழமை கொண்ட எலும்புகளிலும் உயிருள்ள ஸ்போர்கள் கிடைத்திருக்கின்றன.

கால்நடை வழியாகக் காட்டுக்குள் புகுந்த வேறொரு கொடிய நோயோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். வெக்கை நோய் வைரஸால் வருவது. 1968-இல் முதுமலைப் பகுதிக் காட்டுமாடுகளை அது பெருமளவில் கொன்றது. அந்த வைரஸ் உயிருள்ள விலங்கிலிருந்து உயிருள்ள விலங்குக்குத் தாவிக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும். எனவே மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு அந்தத் தொடரை அறுத்தபோது காட்டிலிருந்தும் அது மறைந்தது. 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அடைப்பானுக்கு இப்படியொரு முடிவு கிடையாது. ஒருமுறை ஸ்போர் சேர்ந்த மண் தலைமுறைகளுக்கு நோய்மண்ணாகவே இருக்கும். காட்டின் மண்ணைக் கழுவ எவராலும் இயலாது. அடைப்பானைக் காட்டிலிருந்து விரட்டும் திட்டம் எதுவும் வெற்றி பெறப்போவதில்லை. மனிதர் கைக்கு எட்டுபவை இரண்டுதான்: செத்த விலங்கின் உடலும், காட்டின் ஓரத்தில் மேயும் மாடும்.

மண்ணில் உறங்கும் ஸ்போர் மறுபடி ஒரு விலங்கின் வயிற்றுக்குள் போவது எப்படி என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு மேலாகப் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. புதைகுழியிலிருந்து மண்புழுக்கள் ஸ்போர்களை மேலே கொண்டுவருகின்றன என்று 1880-இல் லூயி பாஸ்டர் கருதினார். கோடையில் புல் குட்டையாகும்போது விலங்குகள் வேரோடும் மண்ணோடும் கடித்து இழுப்பது ஒரு வழி. காய்ந்த முள்ளும் தண்டும் வாயைக் கீறிவிட, அந்தக் கீறல் வழியே கிருமி நுழைவது இன்னொன்று. மழை நீர் பள்ளங்களில் தேங்கி வற்றும்போது ஸ்போர்கள் ஓரிடத்தில் சேர்வதும் உண்டு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த, காரத்தன்மை கொண்ட மண்ணில் அவை நெடுங்காலம் தாங்குகின்றன. குரூகர் பூங்காவின் வடமுனையில் உள்ள பாஃபூரி பகுதியில் நோய் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதற்கு மண்ணின் இந்தத் தன்மை ஒரு காரணம்.

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வுகள் இந்தக் கேள்வியை நன்றாகத் துலக்கியுள்ளன. அங்கே வரிக்குதிரைகள் மழைக்காலத்தின் பிற்பகுதியிலும், யானைகள் வறண்ட பருவத்தின் முடிவிலும் அடைப்பானால் சாகின்றன. ஒரே காட்டில், ஒரே கிருமி, ஆனால் இரண்டு பருவங்கள். மேயும் முறையும் நீர் தேடும் முறையும் வேறுபடுவதால் நோய்ப் பருவமும் வேறுபடுகிறது. வரிக்குதிரைகள் செத்து விழுந்த இடங்களில் தானியங்கிக் கேமராக்களை வைத்து மூன்று ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2014-இல் வெளியானது. உடல் மட்கிய இடத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்து புல் செழித்து வளர்ந்தது. முதலில் அந்த இடத்தை மற்ற விலங்குகள் ஒதுக்கின. பிறகு பச்சைப் புல்லைத் தேடி அங்கேயே வந்து மேய்ந்தன. புல்லின் மேல் இரண்டு ஆண்டுகள் வரை கிருமி காணப்பட்டது. செத்த விலங்கே அடுத்த விலங்குக்கு மேய்ச்சலைத் தயார் செய்து, அந்த மேய்ச்சலிலேயே நோயையும் வைத்திருக்கிறது. இந்த நோயின் அடிப்படை இந்த ஒரே காட்சியில் அடங்கிவிடுகிறது.

அதே பூங்காவில் செய்த இன்னொரு சோதனை பழைய நம்பிக்கை ஒன்றை உலுக்கியது. பிணந்தின்னிகள் உடலைக் கிழித்துத் திறப்பதால்தான் ஸ்போர்கள் மண்ணில் சேர்கின்றன, அவை நெருங்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று கருதப்பட்டு வந்தது. சில உடல்களை வேலியிட்டுக் காத்து, சிலவற்றைத் திறந்தபடி விட்டு ஒப்பிட்டனர். காக்கப்பட்ட உடல்களைச் சுற்றியும் மண்ணில் ஸ்போர்கள் அதே போலத்தான் உண்டாகியிருந்தன. மூக்கிலும் வாயிலும் தானாகக் கசியும் இரத்தமே அதற்குப் போதுமானதாக இருந்தது. உடலைத் திறக்கக் கூடாது என்ற விதி இதனால் பொய்யாகிவிடவில்லை. திறப்பவரின் உயிருக்கு ஆபத்து. கிருமி பரவும் பரப்பும் கூடும். ஆனால் உடலைத் திறக்காமல் விட்டதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவது தவறு. இரத்தம் ஊறிய மண்ணும் உடலோடு சேர்த்து அழிக்கப்பட வேண்டிய பொருள்.

பாறுக் கழுகு, கழுதைப்புலி, சிங்கம் போன்றவை நோய்ப்பட்ட இறைச்சியைத் தின்றும் பெரும்பாலும் பிழைக்கின்றன. அவற்றின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்கள் இருப்பது பல இடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலிக்கு இந்தத் தாங்குதிறன் குறைவு. உடலை விரைவாகத் தின்று தீர்க்கும் பாறுகள் இல்லாத காட்டில் சடலம் நெடுநாள் கிடக்கும். கென்யாவில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பாறுகள் வராத சடலங்கள் கரைய ஏறத்தாழ மூன்று மடங்கு காலம் பிடித்தது.

குரூகரில் நோயை உயரத்துக்குக் கொண்டு செல்வது ஈ. திருகிய கொம்புகளை உடைய கூடு மான், தரையில் மேயாமல் புதர்களின் தழையைத் தின்பது. அப்படியிருந்தும் பாஃபூரியில் அடைப்பானால் அதிகம் சாவது அதுதான். பிணத்தில் மொய்க்கும் பெரிய ஈக்கள் இரத்தத்தை வயிறு முட்ட உறிஞ்சி, பக்கத்துப் புதர்களில் போய் அமர்ந்து, உண்டதில் ஒரு பகுதியை இலைகளின் மேல் துளித்துளியாகக் கக்குகின்றன. தரையிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் உயரத்தில் இந்தத் துளிகள் அதிகம். கூடு மானின் வாய் எட்டும் உயரமும் அதுவே. 1959-60 காலத்தில் இந்தப் பூங்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விலங்குகள் மாண்டன. எண்ணிக்கையில் குறைந்த ரோன் மான்களைக் காப்பாற்ற 1970-களில் வானிலிருந்து தடுப்பூசி அம்புகள் எய்யப்பட்டன. பின்னாளில், அடைப்பான் அந்தக் காட்டின் இயற்கையில் ஒரு பகுதி, பெரிய மந்தைகளை அது அடியோடு அழித்துவிடாது என்ற எண்ணம் வலுத்து, தலையீடு குறைந்தது. ஆயிரக்கணக்கில் பெருகும் விலங்கினங்களைப் பொறுத்தவரை அந்த முடிவு சரியானதே. சில நூறு உயிர்களாகச் சுருங்கிய இனத்துக்கு அதே அளவுகோலை வைக்க முடியாது என்பதற்குத் தாயி காடு சான்று.

கோட் டிவாரின் தென்மேற்கில், லைபீரிய எல்லையை ஒட்டி இருக்கிறது தாயி தேசியப் பூங்கா. மேற்கு ஆப்பிரிக்காவில் எஞ்சியுள்ள பெரிய மழைக்காடுகளில் ஒன்று. 1972-இல் தேசியப் பூங்காவாகவும் 1982-இல் உலகப் பாரம்பரியக் களமாகவும் ஆனது. 1979 முதல் கிறிஸ்டோஃப் போஷ் தலைமையிலான ஆய்வாளர்கள் அங்குள்ள சிம்பன்சிக் கூட்டங்களைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். ஒவ்வொரு சிம்பன்சியும் அவர்களுக்கு முகம் தெரிந்தது, பெயர் வைக்கப்பட்டது. 2001 அக்டோபருக்கும் 2002 ஜூனுக்கும் இடையில் நன்றாக இருந்த சிம்பன்சிகள் சில, சோர்ந்து, வாந்தி எடுத்து, சில மணி நேரத்துக்குள் இறந்தன. பெர்லினில் உள்ள ராபர்ட் கோக் நிறுவனத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஃபாபியன் லீண்டர்ட்ஸும் அவருடைய குழுவினரும் அந்த உடல்களை ஆராய்ந்து, 2004-இல் முடிவை வெளியிட்டனர்: அடைப்பான். வறண்ட புல்வெளிகளின் நோய் என்று கருதப்பட்டது, ஆண்டு முழுவதும் ஈரம் காயாத மழைக்காட்டில், அதுவும் மனிதனுக்கு மிக நெருங்கிய உறவான ஓர் உயிரைக் கொன்றிருந்தது.

தொடர்ந்து ஆராய்ந்தபோது கிருமியே வேறு என்று தெரிந்தது. வழக்கமான அடைப்பான் கிருமி நகராது. தாயியில் கிடைத்தது நகர்ந்தது. அதன் குரோமோசோம் பேசில்லஸ் செரியஸ் என்னும் உறவுக்காரக் கிருமிக்குரியது. ஆனால் அடைப்பானின் நச்சு வளையத்துக்கும் உறை வளையத்துக்கும் இணையான இரண்டு பிளாஸ்மிட்களும் அதற்குள் இருந்தன. பேசில்லஸ் செரியஸ் ஆந்த்ராசிஸ் வகை என்று அது இப்போது குறிக்கப்படுகிறது. 2004-05-இல் கேமரூனின் ஜா காப்பகத்தில் சிம்பன்சிகளையும் ஒரு கொரில்லாவையும் கொன்றது இதே வகை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் யானையிடமும் இது காணப்பட்டது. மேற்கிலிருந்து நடு ஆப்பிரிக்கா வரை நீளும் மழைக்காட்டுப் பட்டை முழுவதிலும் யாரும் அறியாமல் இந்த நோய் இருந்திருக்கிறது. செத்த விலங்கு சில நாட்களில் மட்கி மறையும் அடர்காட்டில், தேடிப் போகிறவர் இல்லையென்றால் சாவு எந்தக் கணக்கிலும் ஏறாது.

தாயியில் அந்தக் கணக்கு எடுக்கப்பட்டது என்பதுதான் அந்தக் காட்டின் சிறப்பு. ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த சடலத் திசுக்களையும் எலும்புகளையும் மறுபடி சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவு, காட்டுயிர்ப் பாதுகாப்பில் இருப்போரைத் திகைக்க வைத்தது. சோதித்த விலங்குகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்தக் கிருமியால் மாண்டவை. சிம்பன்சி மட்டுமல்லாமல் பல குரங்கினங்கள், டைக்கர் எனப்படும் சிறுமான்கள், கீரி, முள்ளம்பன்றி எல்லாம் அதில் அடக்கம். நோய் வந்து போகும் பரவல்களாக இல்லாமல், ஆண்டு தவறாமல் கொன்றுகொண்டிருந்தது. காட்டின் பல பகுதிகளில் பிடித்த பிண ஈக்களில் சுமார் 5 விழுக்காட்டில் கிருமி இருந்தது. ஈயின் வயிற்றில் இருந்த இரத்தத்தின் மரபுப்பொருளைப் படித்து, அது எந்த விலங்கை உண்டது என்பதையும் கண்டுகொண்டார்கள். இதனால் ஈயே காட்டின் கண்காணிப்புக் கருவியாக ஆனது. சடலம் கண்ணில் படாவிட்டாலும், பொறியில் விழுந்த ஈக்களைச் சோதித்தால் காட்டில் எங்கே நோய் இருக்கிறது என்று தெரிகிறது. மங்காபி குரங்குக் கூட்டங்களோடு ஈக்களும் பல நாட்கள் சேர்ந்தே நகர்கின்றன என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. குரங்குகளுக்கு நோய் வரும் வழி இன்னும் முடிவாகத் தீர்க்கப்படாவிட்டாலும், இந்த உடன்பயணம் அதில் ஒரு பங்கு வகிப்பதற்கு இடமிருக்கிறது.

சிம்பன்சிப் பெண் முதல் குட்டியை ஈனப் பதின்மூன்று, பதினான்கு வயது ஆகிறது. அடுத்த குட்டிக்கு ஐந்தாண்டு இடைவெளி. இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனம், ஆண்டுதோறும் சில சாவுகளைக்கூட ஈடுகட்ட முடியாது. நோய் இதே வேகத்தில் நீடித்தால் தாயியின் சிம்பன்சிகள் அடுத்த 150 ஆண்டுகளுக்குள் மறையக்கூடும் என்று அந்த ஆய்வின் கணிப்பு சொல்கிறது. வேட்டையும் காடழிப்பும் ஏற்கெனவே நெருக்கும் ஓர் இனத்தை நோயும் சேர்ந்து அரிக்கிறது. பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்மக்கள் சிலரின் இரத்தத்திலும் இந்தக் கிருமிக்கான எதிர்ப்புப் பொருள் காணப்பட்டிருக்கிறது. காட்டு இறைச்சியை அறுத்துச் சமைக்கும் ஊர்களில் அது வியப்பில்லை. சிம்பன்சிகளுக்குத் தடுப்பூசி போடலாமா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. இயற்கையில் தலையிடக் கூடாது என்ற வாதத்துக்கு இங்கே வலுக் குறைவு. காட்டைச் சுருக்கி, அந்த இனத்தைச் சில கூட்டங்களாக ஒடுக்கியது மனிதத் தலையீடுதான்.

நீர்யானைகளின் கதை வேறு வகை. சாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கில் 1987-88-இல் நாலாயிரத்துக்கு மேற்பட்ட நீர்யானைகள் மாண்டன. உகாண்டாவின் குயீன் எலிசபெத் பூங்காவில் 2004-05-இல் சுமார் 300. நமீபியாவின் புவாப்வாட்டாவில் 2017 அக்டோபரில் நூற்றுக்கு மேல். வறட்சியில் ஆறு சுருங்க, நீர்யானைகள் சேற்றுக் குட்டைகளில் நெருங்கிக் கிடக்கின்றன, மேய்ச்சலும் குட்டையாகிறது. செத்த நீர்யானையின் இறைச்சியை நீர்யானைகளே தின்பதும் பதிவாகியிருக்கிறது. பசியின் கொடுமை மனிதரையும் சேர்த்துக்கொண்டது. 2011-இல் லுவாங்வாவில் மறுபடி நோய் வந்தபோது ஆற்றில் மிதந்த நீர்யானை இறைச்சியை ஊர்மக்கள் எடுத்துத் தின்றனர். 500-க்கும் மேற்பட்டோர் நோய் ஐயத்துக்கு உள்ளாயினர். வேண்டாம் என்று சொன்னதால் மட்டும் அது நிற்கவில்லை. பஞ்ச காலத்தில் இலவசமாகக் கிடைத்த இறைச்சியை விட்டுவிடச் சொல்வதோடு, அவர்களுக்கு உணவு கிடைக்கவும் வழி செய்வது நோய்த்தடுப்பின் ஒரு பகுதி என்று கொள்ள வேண்டும்.

காட்டு விலங்குகளைக் கூட்டமாகக் கொல்லும் பாக்டீரியாக்கள் எல்லாமே மண்ணில் காத்திருப்பவை அல்ல. பாஸ்டுரெல்லா இனத்தைச் சேர்ந்தவை நலமான விலங்கின் மூக்கிலும் தொண்டையிலும் அமைதியாகத் தங்கியிருக்கும். வெயிலோ குளிரோ பட்டினியோ உடலின் காவலைத் தளர்த்தும்போது இரத்தத்தில் இறங்கிக் கொல்லும். மாடுகளில் இது தொண்டை அடைப்பான். ஒடிசாவின் கார்லாபாட் சரணாலயத்தில் 2021 பிப்ரவரியில் சில நாட்களுக்குள் யானைகள் அடுத்தடுத்து இறந்தபோது காரணமாகச் சுட்டப்பட்டது இதுவே. கசக்ஸ்தானில் 2015 மே மாதம் மூன்றே வாரங்களில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சைகா மான்கள், அந்த இனத்தின் உலகத் தொகையில் பாதிக்கு மேல், மாண்டன. அதற்கு முந்தைய நாட்களில் வெப்பமும் ஈரப்பதமும் வழக்கத்தைவிட மிகுந்திருந்தன. ஜிம்பாப்வேயில் 2020-இல் பாண்டமாசுவே காட்டிலும் சுற்றுப்புறங்களிலும் 35 யானைகள் செத்தன. நஞ்சு வைத்திருப்பார்கள் என்ற ஐயமே முதலில் எழுந்தது. பாஸ்டுரெல்லாவுக்கு உறவான, அதுவரை யானையைக் கொன்றதாக அறியப்படாத ஒரு கிருமி காரணம் என்று 2023-இல் உறுதியானது. வறண்ட பருவத்தின் வெப்பமும் நீருக்கான நெடுநடையும் அதற்குத் துணை நின்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. காசநோய் இவற்றுக்கு நேர் எதிராக மெல்ல அரிப்பது. 1960 வாக்கில் மாடுகளிலிருந்து குரூகரின் எருமைகளுக்குத் தாவி, 1990-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டு, எருமையைத் தின்னும் சிங்கங்களையும் பிடித்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் அடைப்பான் அறியாத நோய் அல்ல. 2021 ஜூலையில் கோவை வனக்கோட்டத்தின் ஆனைகட்டிப் பகுதியில் இறந்த பெண் யானைக்கு அடைப்பான் என்று உறுதிசெய்யப்பட்டது. 2022 ஜூனில் கேரளத்தின் அதிரப்பள்ளிக் காட்டில் காட்டுப்பன்றிகள் இறந்தபோதும் அதே முடிவு வந்தது; உடல்களைக் கையாண்டவர்கள் கண்காணிப்பில் வைக்கப்பட்டனர். தாயி அளவுக்குத் தொடர்ச்சியான சடலச் சோதனை நடந்தால்தான் இவை தனிநிகழ்வுகளா, நெடுங்கால இருப்பின் வெளித்தோற்றமா என்று சொல்ல முடியும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. யானை இறந்தால் உடற்கூறாய்வு செய்தாக வேண்டும். வேட்டையா, மின்வேலியா, நோயா என்று பதிவு செய்தாக வேண்டும். ஆண் யானையானால் தந்தங்களை எடுத்துக் கணக்கில் வைக்க வேண்டும். அடைப்பான் ஐயம் இருந்தால் உடலைத் திறக்கவே கூடாது. இரண்டு விதிகளும் மோதும் இடத்தில் வேலை செய்பவர் வேட்டைத் தடுப்புக் காவலரும் வனவரும் கால்நடை மருத்துவரும். ஆகவே கத்தி எடுப்பதற்கு முன் காதுச் சிரையிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, பல்வண்ண மெத்திலின் நீலச் சாயமிட்டுப் பார்ப்பது முதல் வேலையாக வேண்டும். நீலநிறக் கோல்கள் சங்கிலியாக நின்று, அவற்றைச் சுற்றி உறை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது அடைப்பான். கால்நடை மருத்துவர் மெக்ஃபேடியன் 1903-இல் விவரித்த இந்தச் சோதனைக்கு ஒரு நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். காட்டு ஓரத்துக் கால்நடை மருந்தகம் ஒவ்வொன்றிலும் இது செய்யக்கூடியது. செத்து நாளான உடலில் பூச்சு தெளிவு தராது; அப்போது காதுத் துணுக்கையும் இரத்தம் ஊறிய மண்ணையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

உடலை அழிப்பதில் எரிப்பதே சிறந்தது. விறகு மிகுதியாக வேண்டும். காற்றோட்டம் கீழிருந்து வரும்படி குழி அமைய வேண்டும். காய்ந்த காட்டில் தீ பரவாமல் கோடு வெட்ட வேண்டும். யானையின் உடலை முழுமையாக எரிப்பது பல மணி நேர உழைப்பு. எரிக்க வழியில்லாவிட்டால் நீர்நிலைக்கு எட்டத்தில், ஆழமாகப் புதைக்கலாம். புதைகுழியில் சுண்ணாம்பு கொட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. அடைப்பானைப் பொறுத்தவரை அது நல்லதன்று. ஸ்போர் நிலைத்திருக்க உதவும் கால்சியத்தை அது மண்ணுக்குக் கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2008-ஆம் ஆண்டு வழிகாட்டியும் அதை ஆதரிப்பதில்லை. மூக்கு, வாய், ஆசனவாயை அடைப்பதும், கசிந்த மண்ணை வாரி உடலோடு எரிப்பதும், உடலைத் தரையில் இழுத்துச் செல்லாமலிருப்பதும் சுண்ணாம்பைவிடப் பயன் தருபவை. நீலகிரியின் சிகூர்ப் பகுதியில் பாறுகளுக்காகச் சடலங்களைத் திறந்த வெளியில் விடுவது நல்ல வழக்கம். அது தொடர வேண்டும். அடைப்பான் ஐயமுள்ள உடல் மட்டும் விதிவிலக்கு. அந்த விலக்கைச் சரியாகப் பயன்படுத்தவும் மேற்சொன்ன இரத்தப் பூச்சுச் சோதனைதான் வேண்டும். சோதனை இல்லாமல் எல்லா உடல்களையும் எரித்தால் பாறுகள் பட்டினி கிடக்கும்.

அடைப்பானுக்குத் தடுப்பூசி பழமையானது. 1881-இல் பாரிஸுக்கு அருகில் பூயி-லெ-ஃபோர் என்ற ஊரில் ஆடுமாடுகளுக்குப் பாஸ்டர் பொதுமக்கள் முன் போட்டுக் காட்டினார். இன்று உலகெங்கும் பயன்படுவது தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் 1930-களில் உருவாக்கிய வகை. உறைக்குரிய பிளாஸ்மிட்டை இழந்த கிருமியின் ஸ்போர்கள் அவை. நோயை உண்டாக்காமல் எதிர்ப்பை உண்டாக்குகின்றன. தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இந்த ஸ்போர்த் தடுப்பூசியைத் தயாரிக்கிறது. காப்பு ஏறக்குறைய ஓராண்டுதான் நிற்கும். ஆண்டுதோறும் போட வேண்டும். ஊசியாகவே போட வேண்டியிருப்பதால் காட்டு யானைக்கோ காட்டுமாட்டுக்கோ ஆண்டுதோறும் அது நடைமுறையில் இயலாது. ஆனால் காட்டோரப் பட்டிகளில் உள்ள ஒவ்வொரு மாட்டுக்கும் ஆட்டுக்கும் இயலும். தடுப்பூசி போட்ட மாடு காட்டுக்குள் மேயும்போது நோயை வாங்குவதில்லை. செத்து விழுந்து புதிய நோய்மண்ணை உண்டாக்குவதும் இல்லை. மலைவாழ் மக்களின் மாடுகளுக்கு மருந்தகம் தொலைவில் இருக்கிறது. தடுப்பூசி அவர்களின் பட்டிக்கு வந்தாக வேண்டும். பட்டி மருந்தகத்துக்கு வரும் என்று காத்திருப்பது காட்டைக் காப்பதாகாது.

மனிதருக்கு அடைப்பான் பெரும்பாலும் தோலில் வருகிறது. கையிலோ முகத்திலோ கொப்புளம் தோன்றி, நடுவில் கறுத்த பொருக்கு உருவாகும்; வலி பெரிதாக இருக்காது. வலி இல்லை என்பதாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. தொடக்கத்தில் மருத்துவமனைக்குச் சென்றால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் முழுமையாகக் குணமாகும். நோய்ப்பட்ட இறைச்சியைத் தின்று குடலில் வந்தாலோ, ஸ்போரைச் சுவாசித்து நுரையீரலில் வந்தாலோ உயிருக்கு ஆபத்து. சடலத்தைக் கையாளும் காவலர்களுக்குக் கையுறை, முகக்கவசம், காலணி, பின்னர் கண்காணிப்பு ஆகியவை கொடுக்கப்பட வேண்டியவை. குறைந்த கூலிக்குக் காட்டைச் சுற்றி வரும் அவர்களே இந்த நோயை முதலில் காண்பவர்கள். அவர்களின் பாதுகாப்புக்கான செலவு நோய்க் கண்காணிப்பின் முதல் செலவாக இருக்க வேண்டும்.

உடல் அழிக்கப்பட்ட பிறகும் அந்த இடத்தின் கணக்கு முடிவதில்லை. புதைத்த அல்லது எரித்த இடத்தின் புவியிடக் குறியீடு பதிவேட்டில் ஏற வேண்டும். அங்கே பண்ணைக்குட்டை வெட்டுவதோ மண் அள்ளுவதோ தடுப்பணை கட்டுவதோ கூடாது. இரண்டு ஆண்டுகளுக்காவது, புல் தளிர்க்கும் பருவத்தில், அந்த இடத்தைக் காவலர் சுற்றி வந்து புதிய சாவு உண்டா என்று பார்க்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள ஊர்களின் கால்நடைகளுக்குத் தடுப்பூசி ஆண்டு தவறாமல் தொடர வேண்டும். ஒரு வனச்சரகர் மாறுதலாகிப் போய் அடுத்தவர் வரும்போது அந்தப் பதிவேடு கைமாற வேண்டும்.